பதினோரு விநாடிக் காணொளியும் பாட மறுக்கும் மகளும்

வாசகர் கடிதம்:

"ஸ்தோத்திரம் அக்கா. நாங்கள் கோலாலம்பூர் செந்தூலில் இருக்கிறோம். கணவர் லாரி கம்பெனியில் சூப்பர்வைசர், நான் ஒரு கிளினிக்கில் வேலை செய்கிறேன். மூத்த மகளுக்கு 16 வயது, படிவம் 4. ஐந்து வயதிலிருந்து ஓய்வுநாள் பள்ளி, பிறகு பாடகர் குழு என்று ஆலயத்திலேயே வளர்ந்தவள். இந்த ஈஸ்டர் ஆராதனையில் தனியாக ஒரு பாட்டுப் பாடினாள். சபையின் முகநூலில் நேரலையாகப் போனது. மலாய்ப் பள்ளியில் படித்தவள், தமிழ்ப் பாட்டை ஆங்கில எழுத்தில் பார்த்துத்தான் பாடுவாள். 'வழி' என்று வர வேண்டிய இடத்தில் 'வலி' என்று பாடிவிட்டாள். யாரோ அந்த இடத்தை மட்டும் 11 விநாடிக்கு வெட்டி, 'நீரே என் வலி' என்று எழுதி, சிரிக்கிற முகங்களோடு டிக்டாக்கில் போட்டுவிட்டார்கள். வாலிபர் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் அது ஸ்டிக்கராகவும் சுற்றியது. செய்தது எங்கள் சபைப் பையன்கள்தான் என்று தெரிகிறது.

அன்றிலிருந்து ஆலயத்துக்கு வர மறுக்கிறாள். வந்தாலும் கடைசி வரிசை. இரவு இரண்டு மணி வரை போன். சாப்பாடும் குறைந்துவிட்டது. ஒரு மூப்பர் ஜெபக்குறைவு என்கிறார். வாலிபர் தலைவர் எல்லாப் பிள்ளைகளையும் 40 நாள் போன் உபவாசம் இருக்கச் சொல்லி, முடியாமல் விட்டவர்களின் பெயரைக் குழுவில் போட்டார். இவள் இரண்டாம் நாளே விட்டுவிட்டாள். கணவர் போனைப் பிடுங்கி உடைத்தால்தான் சரிவரும் என்கிறார்.

போன வாரம் அவள் தூங்கும்போது போனைத் திறந்து பார்த்தேன். எங்களுக்குத் தெரியாமல் இன்னொரு இன்ஸ்டாகிராம் கணக்கு வைத்திருக்கிறாள். அதைப் பார்ப்பவர்கள் ஏழே பேர். 'யாருக்கும் தெரியாம அப்படியே காணாம போயிட்டா நல்லாருக்கும்' என்று அதில் எழுதியிருக்கிறாள். போனைப் பிடுங்கிவிடட்டுமா அக்கா? கிறிஸ்துமஸுக்கும் அவளைப் பாடச் சொல்கிறார்கள், என்ன பதில் சொல்ல? அந்த வீடியோவை இணைத்திருக்கிறேன். பாடின அன்று எத்தனை குழுக்களுக்கு ஆசையாக அனுப்பினேன் தெரியுமா!"

ஆலோசகர் பதில்:

அன்புச் சகோதரி,

மற்றதெல்லாம் அப்புறம். முதலில் அந்த ஒரு வரியைப் பற்றிப் பேசுவோம்.

'காணாமல் போய்விட்டால் நன்றாக இருக்கும்' என்பது வெட்கம் தாங்காமல் எங்காவது ஒளிந்துகொள்ளத் தோன்றுவதாக இருக்கலாம். அதற்கும் மேலே இருக்கலாம். எது என்று இங்கே உட்கார்ந்துகொண்டு என்னால் சொல்ல முடியாது, உங்களாலும் ஊகிக்க முடியாது. கேட்டால்தான் தெரியும். இன்றைக்கோ நாளைக்கோ கேட்டுவிடுங்கள், சுற்றி வளைக்காமல் நேராகவே: "செத்துப்போயிடலாம்னு தோணுதாம்மா?" கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று எல்லாப் பெற்றோரும் பயப்படுகிறார்கள். அப்படி நடப்பதில்லை. தற்கொலைத் தடுப்பில் வேலை செய்கிறவர்கள் அத்தனை பேரும் இதை ஒரே குரலில் சொல்வார்கள். கேட்டதும் பிள்ளைக்குத் தோள் பாரம் கொஞ்சம் இறங்கும், அவ்வளவுதான்.

எங்கே கேட்பது என்பதும் முக்கியம். சாப்பாட்டு மேசை வேண்டாம். குடும்ப ஜெபம் முடிந்த கையோடு, வேதாகமம் மடியில் இருக்கும்போது வேண்டவே வேண்டாம். டியூஷனிலிருந்து அழைத்து வரும் வழியில், காரில் கேளுங்கள். இருவரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள், முகம் பார்க்க வேண்டியிருக்காது. என் அறைக்கு வரும் பிள்ளைகளும் முக்கியமானதைச் சொல்லும்போது என்னைப் பார்ப்பதில்லை, காற்றாடியைப் பார்த்துத்தான் சொல்கிறார்கள்.

அதற்கு முன்னால் ஒன்றை ஒப்புக்கொண்டாக வேண்டும். "அம்மா உன் போனைத் திறந்து பார்த்துட்டேன். கேட்காம பார்த்தது தப்புதான். ஆனா அந்த வரியப் படிச்சதுக்கு அப்புறம் எனக்குத் தூக்கம் வரலை." இதைச் சொல்லாமல் வேறு எங்கிருந்தோ தெரிந்ததுபோல் நடித்தால் இரண்டே நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவாள். பிறகு அந்தக் கதவு சாத்திக்கொள்ளும்.

"ஆமாம்" என்று சொன்னால் அலறாதீர்கள். "உனக்கு என்ன குறை வச்சோம்" வேண்டாம், வசனமும் வேண்டாம். அவள் சொல்லி முடிக்கட்டும். எப்படி, எப்போது என்ற அளவுக்கு யோசித்திருந்தால் அன்றிரவே பொது மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள், தனியே விடாதீர்கள். நீங்கள் கிளினிக்கில் வேலை செய்கிறவர், வீட்டில் மருந்துப்பெட்டி பெரிதாகவே இருக்கும். அதைப் பூட்டி வையுங்கள். சுகாதார அமைச்சின் மனநல உதவி எண்ணான 'ஹீல்' 15555. மனம் உடைந்தவர்களிடம் பேசும் தன்னார்வலர்களான கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் எண் 03-7627 2929. இரண்டையும் உங்கள் போனிலும் அவள் போனிலும் பதிந்து வையுங்கள். 'போலீஸ் கேஸ் ஆகிவிடும்' என்று நம்மவர்கள் மூடி மறைப்பதுண்டு. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய, மலேசியக் குற்றவியல் சட்டத்தின் 309ஆம் பிரிவை 2023இலேயே எடுத்துவிட்டார்கள். அந்தப் பயம் இனி வேண்டாம்.

இது உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதில்லை. 2022ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், 13 முதல் 17 வயது மலேசியப் பிள்ளைகளில் நான்கில் ஒருவர் மனச்சோர்வில் இருப்பதாகவும், எட்டில் ஒருவருக்குத் தற்கொலை எண்ணம் வந்திருப்பதாகவும் தெரிந்தது. ஆலயத்தில் ஒரு பெஞ்சில் எட்டுப் பிள்ளைகள் உட்கார்வார்கள், எண்ணிப் பாருங்கள்.

"இல்லம்மா, அப்படியெல்லாம் இல்லை, சும்மா வெட்கமா இருந்துச்சு" என்று சொன்னாலும் ஒரு முறை யாரிடமாவது காட்டுங்கள். சாப்பாடும் தூக்கமும் இத்தனை நாள் கெட்டுப்போயிருப்பதே போதிய காரணம். பக்கத்து அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டி டாக்டரைப் பார்க்கலாம், மனநலக் கேள்வித்தாளும் அங்கே உண்டு. இடைநிலைப்பள்ளியில் கவுன்சிலிங் ஆசிரியர் இருப்பார். வெளியே பணம் கட்டிப் பார்ப்பதானால், 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டத்தின்படி பதிவு பெற்றவரா என்று பாருங்கள். பெயருக்குப் பின்னால் 'கே.பி., பி.ஏ.' என்ற எழுத்துகள் இருக்கும், பதிவு பெற்ற ஆலோசகர், தொழில் சான்றிதழ் உள்ளவர் என்பதன் மலாய்ச் சுருக்கம். கேட்பதில் வெட்கம் வேண்டாம். பதிவு பெற்றவர் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இனி போனுக்கு வருவோம்.

மூப்பர், வாலிபர் தலைவர், உங்கள் கணவர், நீங்கள், நால்வரும் வெவ்வேறாகப் பேசினாலும் உள்ளே ஒரே நினைப்புத்தான்: போன் என்பது வெளியுலகம், ஆலயம் பத்திரமான இடம், போனை விட்டால் பிள்ளை ஆலயத்துக்குத் திரும்பிவிடும். எனக்கு அப்படித் தெரியவில்லை. ஆலயத்தில் வளர்ந்த பிள்ளைகள் என்னிடம் வந்தால் ஒரு தாளைக் கொடுத்து, "நீ போடுவதையெல்லாம் யார் யார் பார்க்கிறார்கள், எழுது" என்பேன். ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை, போதகரின் மனைவி, பாடகர் குழு ஆன்டிகள், கிள்ளானில் வேறு சபைக்குப் போகும் சித்தி மகள், வாலிபர் முகாமில் பழகிய ஈப்போப் பையன், அம்மா, அம்மாவின் தோழிகள். தாள் நிறைந்த பிறகு அந்தப் பிள்ளையே ஒரு முறை மேலிருந்து கீழாகப் பார்க்கும். ஞாயிற்றுக்கிழமை பெஞ்சுகளில் உட்கார்ந்திருக்கும் அதே கூட்டம்தான் போனுக்குள்ளும் உட்கார்ந்திருக்கிறது.

பள்ளியில் கேலி செய்யப்பட்ட பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒரு நாள் இருக்கிறது. ஆலயத்தில் கேலி செய்யப்பட்ட பிள்ளை எங்கே போகும்? அவளுக்குப் போனும் ஆலயமும் ஒன்றேதான். அதனால் 'போனை வை, ஆலயத்துக்கு வா' என்பது அவள் காதில் 'அந்தக் கண்களிடமிருந்து இந்தக் கண்களிடம் வா' என்றுதான் விழுகிறது.

இதோடு 'சாட்சி', அதாவது பார்க்கிறவர்கள் முன்னால் நல்ல கிறிஸ்தவப் பிள்ளையாக நடந்துகாட்டுவது, என்ற சொல்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் பிள்ளைகள் அதைக் கேட்டே வளர்கிறார்கள். கையில்லாத சட்டையில் ஒரு படம் போட்டால் சாட்சி கெட்டுவிடும். பள்ளித் தோழியின் தீபாவளிப் படத்தில் நின்றாலும் யாராவது ஒரு ஆன்டி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அம்மாவுக்கு அனுப்பிவிடுவார். எனக்குத் தெரிந்த தாய்மார்களில் அப்படி ஒன்றாவது வராதவர் குறைவு. இப்படியே வளர்ந்த பிள்ளை ஏழு பேர் மட்டும் பார்க்கும் ஒரு கணக்கைத் திறந்தால் அது இரட்டை வேடம் ஆகிவிடாது. ஜெபம்பண்ணும்போது அறைவீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொள் என்று நம் ஆண்டவரே சொல்லியிருக்கிறாரே. அவளும் பூட்டிக்கொள்ள ஒரு கதவு தேடியிருக்கிறாள். ஆனால் அந்த ஏழு பேரும் பதினாறு வயதுப் பிள்ளைகளாகத்தான் இருப்பார்கள். இந்தப் பாரத்தைத் தாங்க அவர்களால் முடியாது. பெரியவர் ஒருவராவது அந்த அறைக்குள் வர வேண்டும். அது நீங்களாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அவள் நம்புகிற சித்தியோ அத்தையோ போதும்.

நான் பிறந்தது பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில். அப்பா அங்கே உபதேசியார். லயத்துக்கு, தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு சின்ன ஜெப வீடு. ஒன்பது வயதில் கிறிஸ்துமஸ் இரவில் சங்கீதம் ஒப்புவிக்க என்னை நிறுத்தினார்கள். பாதியில் எல்லாம் மறந்துபோய், நடுவில் பள்ளிக்கூடத்து வாய்ப்பாட்டைச் சொல்லிவிட்டேன். கூரை அதிரச் சிரித்தார்கள். அழுதேன். பிறகு எல்லாருக்கும் முறுக்கும் கோப்பியும் கொடுத்தார்கள், என் கையிலும் ஒரு முறுக்கு. அன்று சிரித்தவர்களில் பாதிப் பேர் இன்றில்லை, அந்தத் தோட்டமே இல்லை, வீடமைப்புத் திட்டம் வந்துவிட்டது. நான் சொன்ன வாய்ப்பாடு எனக்கு மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது. உங்கள் மகளின் தவற்றுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. அது 11 விநாடியாக உறைந்து நிற்கிறது. யார் வேண்டுமானாலும், எத்தனை முறை வேண்டுமானாலும் அதைத் தட்டிச் சிரிக்கலாம்.

2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து ஆலயங்களைப் பூட்டியபோது சபைகள் கேமரா வாங்கின. அது பெரிய உதவி, மறுக்க மாட்டேன். படுக்கையில் கிடந்த என் அம்மா கடைசி ஒரு வருட ஆராதனையை அந்த வழியாகத்தான் பார்த்தார். ஆணை போய்விட்டது, கேமரா போகவில்லை. எழுந்து நடக்க முடியாத பெரியவர்களுக்காக வந்த கருவி இன்று பதினாறு வயதுப் பிள்ளையின் முகத்தைக் கிட்டத்தில் காட்டி, பக்கத்தில் யாரும் எதுவும் எழுதலாம் என்று ஒரு பெட்டியையும் திறந்து வைத்திருக்கிறது. போதகரிடம் நீங்களும் உங்கள் கணவரும் சேர்ந்து போய்ப் பேச வேண்டியது இதைத்தான். 18 வயதுக்குக் கீழுள்ள பிள்ளை தனியாகப் பாடினால் பெற்றோரையும் பிள்ளையையும் கேட்காமல் நேரலையில் காட்டக் கூடாது. கருத்துப் பெட்டியை மூடி வைக்கலாம். ஒரு வாரத்தில் பதிவை எடுத்துவிடலாம். இவற்றுக்குப் பணம் செலவில்லை, கமிட்டிக் கூட்டமும் ஒன்று போதும்.

நீங்கள் இணைத்திருந்த வீடியோவை நான் திறக்கவில்லை. திறந்திருந்தால் அதைப் பார்த்தவர்களில் அவளைக் கேட்காமல் பார்த்த இன்னொருவராக நானும் ஆகியிருப்பேன். வருத்தப்படாதீர்கள், இதையும் சொல்லிவிடுகிறேன்: முழுப் பாட்டை முதன்முதலில் குழு குழுவாக அனுப்பியது நீங்கள்தான். பெருமையில் செய்தது, எந்தத் தாயும் செய்வது. ஆனால் அதற்கும் அவளைக் கேட்டிருக்க மாட்டீர்கள். காரில் பேசும்போது இதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். பெரியவர்கள் மன்னிப்புக் கேட்பதைப் பிள்ளைகள் அதிகம் பார்த்ததில்லை, அதிர்ந்துதான் போவாள்.

இரவு இரண்டு மணி வரை என்ன பார்க்கிறாள்? ஜாலியாக எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று உங்கள் கணவர் நினைக்கிறார். என் அனுபவத்தில் இந்த நிலையில் இருக்கும் பிள்ளைகள் வேடிக்கை பார்ப்பதில்லை, காவல் காக்கிறார்கள். அந்த வீடியோவை இன்னும் எத்தனை பேர் பார்த்தார்கள், புதிதாக யார் என்ன எழுதினார்கள், ஸ்டிக்கர் வேறு எந்தக் குழுவுக்குப் போனது என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள். இந்தச் செயலிகளோ, நாம் எதில் நின்று பார்க்கிறோமோ அதே மாதிரியானதை மேலும் மேலும் கொண்டுவந்து கொட்டும்படி செய்யப்பட்டவை. பயந்து பார்த்தாலும் ஆசைப்பட்டுப் பார்த்தாலும் அவற்றுக்குக் கணக்கு ஒன்றுதான். அவள் பாட்டு வீடியோவில் நின்றால் பாட்டு வீடியோக்களாக வரும். பெட்டாலிங் ஜெயா பக்கத்துப் பெரிய ஆங்கிலச் சபைகளின் வண்ண விளக்குகள், புகை, நல்ல மைக், ஃபில்டரில் வெளுத்த முகங்கள். பிறகு தன் சபையின் டியூப் லைட்டில் தன் முகம்.

லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளர் 1954இல் ஒன்றைச் சொன்னார். மனிதர்கள் தங்களை எட்டாத உயரத்தில் இருப்பவர்களோடு ஒப்பிடுவதில்லை, தங்களைப் போன்றவர்களோடுதான் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள் என்று. சினிமா நடிகையைப் பார்த்து உங்கள் மகள் இவ்வளவு வாடியிருக்க மாட்டாள். பக்கத்துச் சபையில் அதே வயதில், அதே கருப்பில், தமிழ்ப்பள்ளியில் படித்து ழகரம் சுத்தமாகச் சொல்லும் ஒரு பெண் இருப்பாளே, அவளைப் பார்த்துத்தான் வாடுவாள். ஆலய வட்டம் சின்னது, எல்லாரும் நம்மைப் போன்றவர்கள், அதனால்தான் கூடுதலாக வலிக்கிறது.

தினமும் மூன்று மணி நேரத்துக்கு மேல் சமூக ஊடகத்தில் இருக்கும் இளையவர்களுக்கு மனநலம் கெடும் வாய்ப்பு இரு மடங்கு என்று அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரி 2023 மே மாத அறிக்கையில் எச்சரித்தார். உங்கள் கணவரிடம் இதைச் சொன்னால் உடனே போனைப் பிடுங்கக் கிளம்புவார். கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். மணிக்கணக்கு மட்டும் விஷயமில்லை, அந்த மணிகளில் என்ன நடக்கிறது, அவை எதைத் தின்றுவிடுகின்றன என்பதும் விஷயம். இவளிடம் அவை தின்றது தூக்கத்தை.

வேதாகமத்தில் எலியா தீர்க்கதரிசியின் கதை உங்களுக்குத் தெரியும். 'போதும் கர்த்தாவே' என்று சூரைச்செடியின் கீழே சாகக் கேட்டுப் படுத்துவிட்டார். வந்த தூதன் அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை, ஜெபக்குறைவு என்றும் சொல்லவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். சாப்பிட்டார், தூங்கினார். மறுபடி எழுப்பிச் சாப்பிட வைத்தான். கேள்வியெல்லாம் அதற்குப் பிறகுதான், மலையில். அந்த மூப்பரைச் சந்தித்தால் நான் கேட்டதாகவே இதைக் கேளுங்கள்.

இந்த வயதுக்கு இரவு எட்டு மணி நேரத்துக்குக் குறையாத தூக்கம் வேண்டும். ஆகவே ஒரே ஒரு வீட்டுச் சட்டம் போடுங்கள்: இரவு பத்தரைக்கு எல்லாப் போனும் ஹாலில், ஒரே இடத்தில் சார்ஜ் ஆக வேண்டும். எல்லாப் போனும் என்றால் லாரிக்காரர்களிடமிருந்து அழைப்பு வரும் அப்பாவின் போனும் சேர்த்துத்தான், சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொள்ளட்டும். 'காலையில் எழுப்ப அலாரம் வேண்டும்' என்பாள். பத்துப் பதினைந்து வெள்ளியில் ஒரு மேசைக் கடிகாரம் வாங்கிக் கொடுங்கள். முதல் வாரம் தூக்கம் வராது, கதவு அறைந்து சாத்தப்படும். அந்த வாரம் இரவில் கொஞ்ச நேரம் அவள் அறையில் போய் உட்காருங்கள். பேச வேண்டியதில்லை, துணி மடியுங்கள்.

உடைப்பதும் பிடுங்குவதும் வேண்டாம். அவளுக்கு மிச்சம் இருக்கிற அந்த ஏழு பேரையும் அதே அடியில் அறுத்துவிடுவீர்கள். மனதில் இருப்பதை எழுதினால் தண்டனை கிடைக்கும் என்றும் கற்றுக்கொள்வாள். அடுத்த முறை எழுதவே மாட்டாள், உங்களுக்கும் எதுவும் தெரியவராது.

அவள் சம்மதித்தால் ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து சிலவற்றைச் செய்யலாம். முதலில் அந்த வீடியோ, ஸ்டிக்கர், அதன் கீழே எழுதியவை எல்லாவற்றையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து உங்கள் போனில் வைத்துக்கொள்ளுங்கள், அவள் போனில் வேண்டாம். பிறகு டிக்டாக்கில் புகார் கொடுங்கள். இன்ஸ்டாகிராமில் 'ரெஸ்ட்ரிக்ட்' என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்டால் அந்தப் பையன்கள் அவள் படத்தின் கீழ் எழுதுவது அவர்களுக்கு மட்டுமே தெரியும், தடை செய்திருப்பதும் அவர்களுக்குத் தெரியாது. லைக் எண்ணிக்கையை மறைக்கலாம். புலனத்தில் தன்னை யார் குழுவில் சேர்க்கலாம் என்பதை மாற்றலாம். அவள் எத்தனை ஆலயக் குழுக்களில் இருக்கிறாள் என்று எண்ணச் சொல்லுங்கள், ஏழெட்டு இருக்கும். முடிந்துபோன முகாம்களின் குழுக்கள்கூட இன்னும் உயிரோடு இருக்கும். இரண்டு போதும்.

அந்தப் பையன்கள் விஷயம். 2024 ஜூலையில் கோலாலம்பூரில் இணைய வசை தாங்காமல் ஒரு தமிழ்ப் பெண் உயிரை விட்டதும், வழக்கில் ஒருவருக்குக் கிடைத்தது நூறு வெள்ளி அபராதம் என்றதும் நாடே கொதித்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். அதன் பிறகு குற்றவியல் சட்டத்தைத் திருத்தினார்கள். 2025 ஜூலையிலிருந்து இப்படித் துன்புறுத்துவது தண்டனைக்குரிய தனிக் குற்றம். உங்கள் கணவர் இதைத் தெரிந்து வைத்திருக்கட்டும், ஆனால் முதல் அடியிலேயே போலீஸ் நிலையம் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். அவர்களும் பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகள்தான், ஒரு சிரிப்புக்காகச் செய்திருப்பார்கள். போதகர் முன்னிலையில் அவர்களின் பெற்றோரை உட்கார வைத்துப் பேசுங்கள். வீடியோவை எடுக்க வேண்டும், ஸ்டிக்கரை அழிக்க வேண்டும், அனுப்பியவர்களையும் அழிக்கச் சொல்ல வேண்டும். மசியவில்லை என்றால் ஸ்க்ரீன்ஷாட் கையில் இருக்கிறது, அப்போது பார்க்கலாம்.

ஒன்றில் மட்டும் கறாராக இருங்கள். யாராவது நல்லெண்ணத்தில், 'அவர்களை ஆராதனையில் எல்லார் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்க வைப்போம்' என்பார்கள். கூடவே கூடாது. வீடியோவைப் பார்க்காத தாத்தா பாட்டிகளும் அன்றைக்குத்தான் 'என்னவாம், எந்தப் பாட்டாம்' என்று விசாரிப்பார்கள். மன்னிப்பு எப்படி வேண்டும், வேண்டுமா வேண்டாமா என்பதை அவளே சொல்லட்டும்.

வாலிபர் தலைவரைப் பற்றி. போன் உபவாசம் கெட்ட யோசனை இல்லை, நானே ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் முகநூலை எடுத்துவிடுவேன். ஆனால் முடியாதவர்களின் பெயரை அதே புலனக் குழுவில் போட்டது எனக்குக் கோபத்தையே வரவழைத்தது. உபவாசம் இருக்கிறவன் அது வெளியே தெரியாதபடி தலைக்கு எண்ணெய் பூசி முகத்தைக் கழுவிக்கொள்ள வேண்டும் என்றுதானே அவரும் வாலிபர் கூட்டத்தில் சொல்லிக்கொடுத்திருப்பார்? அவரும் இளைஞர்தான் என்று நினைக்கிறேன். தனியே கூப்பிட்டு, ஒரு கோப்பி வாங்கிக் கொடுத்துச் சொல்லுங்கள், கேட்டுக்கொள்வார்.

அந்த ழகரத்தையும் விட மனம் வரவில்லை. சபைத் திரையில் பாட்டை ஆங்கில எழுத்தில் போடுகிறோம். ழகரத்துக்கு 'இசட், எச்' என்று இரண்டு எழுத்து போடுவார்கள், சில இடங்களில் சோம்பேறித்தனமாக 'எல்' மட்டும். அதை எப்படி வாசிப்பது என்று அந்தப் பிள்ளைகளுக்கு யார் சொல்லிக்கொடுத்தோம்? தமிழ் எழுத்துத் தெரியாமலும் தமிழில் பாட முன்வந்த பிள்ளை அவள். அவளுக்கு ஆசை இருந்தால், வீட்டிலோ பக்கத்திலோ ஒரு பாட்டி இருந்தால், சாயங்காலம் உட்கார்ந்து பழகட்டும். ஆசை இல்லை என்றால் விட்டுவிடுங்கள்.

கிறிஸ்துமஸ் பாட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவளிடம் ஒரே ஒரு முறை கேளுங்கள். 'இல்லை' என்றால் பாடகர் குழுத் தலைவரிடம் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள், அவளைச் சொல்ல வைக்காதீர்கள். காரணமும் சொல்ல வேண்டாம். 'குழுவோடு சேர்ந்து பாடுகிறேன், தனியாக வேண்டாம்' என்பாளானால் அது நல்ல செய்தி, பின்வரிசையில் நிற்கட்டும். ஒருவேளை 'நானே பாடுகிறேன்' என்றால், அந்த ஐந்து நிமிடம் கேமராவைப் பலிபீடத்துச் சிலுவையின் பக்கம் திருப்பி வைக்க முன்கூட்டியே பேசிவிடுங்கள். அன்றைக்கு உங்கள் போன் கைப்பைக்குள்ளேயே இருக்கட்டும்.